மூன்று ஆறானால்: சிறு நகரத்தின் வன்முறைக் குற்றக் கணக்கை வாசிப்பது எப்படி?

ஒரு சிறு நகரத்தில் சென்ற ஆண்டு மூன்று பேர் கொலை செய்யப்பட்டார்கள், இந்த ஆண்டு ஆறு பேர் கொலை செய்யப்பட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "கொலைகள் இரு மடங்காக அதிகரிப்பு" என்று செய்தி வரும். எண்களில் பிழை இல்லை, கணக்கும் சரி. ஆனால் அந்த வரியைப் படிப்பவர் மனத்தில் எழும் எண்ணம், அதாவது இந்த ஊரில் வாழ்வது ஒரே ஆண்டில் இரு மடங்கு ஆபத்தாகிவிட்டது என்ற எண்ணம், பெரும்பாலும் தவறானது. அடுத்த ஆண்டு அந்த எண்ணிக்கை நான்காகக் குறையும்போது, புதிதாகப் பொறுப்பேற்ற காவல் அதிகாரியின் கண்டிப்பால்தான் ஊர் அடங்கியது என்று சொல்லப்படுவதும் அதே அளவுக்குத் தவறாக இருக்கலாம்.

இது வெறும் எண் விளையாட்டாக இருந்தால் இதைப் பற்றி எழுத வேண்டிய தேவை இல்லை. குற்றம் பெருகுகிறது என்ற அச்சத்தால் மக்கள் வீட்டை விற்றுவிட்டு வேறிடம் போகிறார்கள். ஒரு தெருவையே, ஒரு சமூகத்தையே சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்குகிறார்கள். மறுபுறம், வன்முறை உண்மையாகவே வேரூன்றும் ஊரில் "இதெல்லாம் வழக்கமான ஏற்ற இறக்கம்தான்" என்று அதிகாரத்தில் இருப்பவர்கள் சொல்லிக்கொண்டிருந்தால், தடுத்திருக்கக்கூடிய சாவுகள் நடந்துவிடுகின்றன. இரண்டு பிழைகளும் ஒரே அறியாமையிலிருந்து பிறப்பவை. அந்த அறியாமையைப் போக்கப் பெரிய கணிதம் எதுவும் வேண்டியதில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

நாணயத்திலிருந்து தொடங்குவோம்

ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் ஐந்து தலை, ஐந்து பூ விழும் என்று எதிர்பார்க்கிறோம். உண்மையில் சுண்டிப் பார்த்தால், ஏழோ அதற்கு மேலோ தலை விழுவது ஏறத்தாழ ஆறு முயற்சிகளுக்கு ஒரு முறை நடக்கும். நாணயத்தில் கோளாறு எதுவும் இல்லை. அதே நாணயத்தை ஆயிரம் முறை சுண்டினால் எழுநூறு தலை விழுவதை ஒரு வாழ்நாள் முழுவதும் சுண்டிக்கொண்டிருந்தாலும் பார்க்க முடியாது. அப்படி விழுந்தால் நாணயம் ஒரு பக்கம் கனத்திருக்கிறது என்று தயங்காமல் சொல்லிவிடலாம். இரண்டு நிகழ்விலும் தலையின் பங்கு ஒன்றேதான், 70 சதவீதம். ஒன்றுக்கு எந்தப் பொருளும் இல்லை. மற்றொன்று நாணயத்தைப் பற்றிய உண்மையைச் சொல்கிறது. வேறுபாடு எத்தனை முறை சுண்டினோம் என்பதில் இருக்கிறது.

குடத்திலிருந்து ஒரு சொம்பு நீரை மொண்டால் நீர்மட்டம் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். குளத்திலிருந்து அதே சொம்பு நீரை மொண்டால் ஒன்றும் தெரியாது. சிறு நகரத்தின் குற்றக் கணக்கு குடத்தைப் போன்றது. இரவில் ஒரு சண்டை, ஒரு குடும்பத்தில் ஒரு கொடிய நிகழ்வு, ஆண்டு முழுவதற்குமான கணக்கின் உருவத்தையே மாற்றிவிடும்.

இப்போது நாணயத்தை விட்டு ஊருக்கு வருவோம். ஒரு லட்சம் பேர் வாழும் ஒரு நகரத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அங்கே வன்முறையின் அடிப்படை நிலை பல ஆண்டுகளாக மாறவே இல்லை. ஆண்டுக்குச் சராசரியாக நான்கு கொலைகள். அடிப்படை மாறாவிட்டாலும் ஒவ்வோர் ஆண்டும் சரியாக நான்கு நடக்காது. கொலைகள் ஒன்றோடொன்று தொடர்பின்றி நிகழ்வதாகக் கொண்டு கணக்கிட்டால், பத்தில் எட்டு ஆண்டுகளில் எண்ணிக்கை இரண்டுக்கும் ஆறுக்கும் இடையில் இருக்கும். ஏறத்தாழ பதினோரு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரே ஒரு கொலை நடக்கும், அல்லது ஒன்றுகூட நடக்காது. இருபது ஆண்டுகளுக்கு ஒரு முறை எட்டோ அதற்கு மேலோ நடக்கும். ஊரில் எதுவும் மாறாமலே இவ்வளவும் நிகழும். இதைத்தான் தற்செயல் ஏற்ற இறக்கம் என்கிறோம்: அடிப்படை நிலையில் மாற்றமில்லாதபோதும் எண்ணிக்கையில் தோன்றும் அசைவு.

இந்த அசைவின் அளவை மதிப்பிட எளிய வழி ஒன்று உண்டு. சராசரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். சராசரி 4 என்றால் வர்க்கமூலம் 2; ஆகவே இரண்டு கூடுவதும் இரண்டு குறைவதும் வழக்கமானவை, அதாவது ஐம்பது சதவீத அசைவு. அதே ஆபத்து நிலவும் ஒரு கோடிப் பேர் வாழும் பெருநகரத்தில் ஆண்டுச் சராசரி 400. அதன் வர்க்கமூலம் 20. வழக்கமான அசைவு ஐந்து சதவீதம் மட்டுமே. பெருநகரத்தில் 300 கொலைகள் அடுத்த ஆண்டு 600 ஆனால் அங்கே ஏதோ பேரழிவு நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். சிறு நகரத்தில் மூன்று ஆறாவது அந்த வகையைச் சேர்ந்ததல்ல.

சுருக்கமாக: எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போது சதவீதம் பெரிதாகத் துள்ளும். "நூறு சதவீத உயர்வு" என்ற சொல்லைக் கேட்டவுடன், எத்தனையிலிருந்து எத்தனைக்கு உயர்ந்தது என்று முதலில் கேட்க வேண்டும்.

விகிதமும் அதன் அடியில் இருக்கும் மக்கள்தொகையும்

ஊர்களை ஒப்பிடுவதற்குக் குற்ற விகிதம் பயன்படுகிறது. ஓர் ஆண்டில் பதிவான குற்றங்களை மக்கள்தொகையால் வகுத்து, ஒரு லட்சம் பேருக்கு எத்தனை என்று சொல்வதே குற்ற விகிதம். இது நியாயமான அளவுகோல்தான். ஆனால் சிறு எண்ணிக்கையின் அசைவை இது போக்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது போக்காது, மறைக்கத்தான் செய்யும். இருபதாயிரம் பேர் வாழும் ஊரில் ஒரு கொலை நடந்தால் விகிதம் ஒரு லட்சத்துக்கு 5. இரண்டு நடந்தால் 10. ஒன்றும் நடக்காவிட்டால் சுழியம். ஒற்றை மனிதரின் ஒற்றைச் செயல், அந்த ஊரை "மிகவும் பாதுகாப்பான ஊர்கள்" பட்டியலிலிருந்து "மிகவும் ஆபத்தான ஊர்கள்" பட்டியலுக்குத் தூக்கிப் போட்டுவிடும். இத்தகைய தரவரிசைகளின் உச்சியிலும் அடியிலும் சிறிய ஊர்களே திரும்பத் திரும்ப இடம்பெறுவதற்குக் காரணம் இதுவே. நடுவில் இருப்பவை பெரும்பாலும் பெரிய ஊர்கள். அமெரிக்காவில் இந்தத் தரவுகளைத் திரட்டி வெளியிடும் எஃப்.பி.ஐ. அமைப்பே, இவற்றைக் கொண்டு ஊர்களைத் தரவரிசைப்படுத்தக் கூடாது என்று நெடுங்காலமாக எச்சரித்து வருகிறது.

வகுக்கும் எண்ணிலும் சிக்கல் உண்டு. ஊரில் குடியிருப்பவர்களை மட்டுமே மக்கள்தொகை கணக்கில் கொள்கிறது. பகலில் வேலைக்கு வருபவர்கள், பயணிகள் அதில் இடம்பெறுவதில்லை. அவர்கள் பாதிக்கப்பட்டாலும் குற்றம் செய்தாலும் அது மட்டும் ஊரின் கணக்கில் ஏறிவிடும். ஆயிரத்துக்கும் குறைவானவர்கள் வாழும் வாத்திகான் நகருக்கு ஆண்டுதோறும் பல லட்சம் பேர் வந்து போகிறார்கள். அங்கே நடக்கும் திருட்டுகளைக் குடியிருப்போர் எண்ணிக்கையால் வகுத்தால் உலகிலேயே மிக மோசமான திருட்டு விகிதம் கிடைத்துவிடும். வன்முறைக் கணக்கிலும் இதே கோணல் உண்டு. சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் மையமாக விளங்கும் சிறு நகரங்கள் இதனால் உள்ளதைவிட மோசமாகத் தெரிகின்றன. இந்தியாவில் அண்மைய ஆண்டுகளின் விகிதங்கள்கூட, பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்ணையோ அதை அடிப்படையாக வைத்து மதிப்பிடப்பட்ட மக்கள்தொகையையோ கொண்டே கணக்கிடப்பட்டு வந்துள்ளன. வேகமாக வளர்ந்த ஊருக்கும் தேய்ந்துபோன ஊருக்கும் அந்த எண் ஒரே அளவுக்குப் பொருந்தியிருக்கும் என்று சொல்ல முடியாது.

நடந்ததும் பதிவானதும்

மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளின் எண்ணிக்கை கூடினால் நோய் கூடிவிட்டது என்று பொருளா? புதிய மருத்துவர் வந்திருக்கலாம், சாலை வசதி வந்திருக்கலாம், முன்பு வெட்கப்பட்டு மறைத்த நோயைச் சொல்லும் துணிவு மக்களுக்கு வந்திருக்கலாம். குற்றப் பதிவேடும் அப்படித்தான். ஒரு குற்றம் நடந்து, பாதிக்கப்பட்டவர் அதைக் குற்றமென்று உணர்ந்து, காவல் நிலையத்துக்குச் சென்று, அங்கே புகார் ஏற்கப்பட்டு, குறிப்பிட்ட ஒரு சட்டப் பிரிவின் கீழ் எழுதப்பட்ட பிறகே அது புள்ளிவிவரமாகிறது. இந்தப் படிகளில் ஏதேனும் ஒன்று மாறினாலும் கணக்கு மாறும். வன்முறை மாறியிருக்க வேண்டிய தேவை இல்லை.

இந்த இடைவெளியை அளப்பதற்காகவே பாதிக்கப்பட்டோர் கணக்கெடுப்பு என்ற முறை உருவானது. காவல்துறையிடம் கேட்காமல், மாதிரியாகத் தேர்ந்தெடுத்த வீடுகளுக்குச் சென்று, கடந்த சில மாதங்களில் உங்களுக்கு என்ன நேர்ந்தது என்று மக்களிடமே கேட்பது அந்த முறை. அமெரிக்காவில் இது 1970களின் தொடக்கத்திலிருந்தும், இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 1980களின் தொடக்கத்திலிருந்தும் நடந்து வருகிறது. அமெரிக்கக் கணக்கெடுப்பின் அண்மைய ஆண்டுகளின்படி, வன்முறைக்கு ஆளானவர்கள் சொன்ன நிகழ்வுகளில் பாதிக்கும் குறைவானவையே காவல்துறையிடம் போயிருக்கின்றன.

காவல் நிலையத்துக்குப் போன புகாரும் எழுதப்படும் என்ற உறுதி இல்லை. 2014இல் இங்கிலாந்து, வேல்ஸ் காவல்துறைகளைத் தணிக்கை செய்த அரசு ஆய்வுக் குழு, தெரிவிக்கப்பட்ட குற்றங்களில் 19 சதவீதம் பதிவாகவில்லை என்றும், உடலுக்கு எதிரான வன்முறைகளில் இது 33 சதவீதம் என்றும் கண்டறிந்தது. அதன் பிறகு பதிவு முறை கண்டிப்பானது. விளைவாக, பதிவான வன்முறைக் குற்றங்கள் அடுத்த சில ஆண்டுகளில் வேகமாக உயர்ந்தன. மக்களிடம் நேரடியாகக் கேட்ட கணக்கெடுப்போ அப்படிப்பட்ட உயர்வு எதையும் காட்டவில்லை. நேர்மையாகப் பதியத் தொடங்கிய காவல்துறை, புள்ளிவிவரத்தில் தோற்றுப்போன காவல்துறையாகத் தெரிகிறது. இதை உணராமல் உயர்வுக்காகத் தண்டித்தால், புகாரை வாங்காமல் திருப்பி அனுப்பும் பழக்கத்துக்கு நாமே பரிசு கொடுத்தவர்களாகிறோம்.

வரையறை மாறினாலும் கணக்கு மாறும். 2013இல் இந்திய உச்ச நீதிமன்றம், காணாமல் போகும் குழந்தைகள் பற்றிய புகார்களைக் கடத்தல் நிகழ்ந்திருக்கலாம் என்ற முன்னனுமானத்தோடு முதல் தகவல் அறிக்கையாகப் பதிய வேண்டும் என்று உத்தரவிட்டது. குழந்தைகளைத் தேடும் வேலை அன்றே தொடங்க வேண்டும் என்பதற்காகப் பிறந்த மிக நல்ல உத்தரவு அது. ஆனால் ஆள்கடத்தல், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வன்முறைக் குற்றங்கள் பட்டியலில் ஒன்று. முன்பு வெறும் "காணவில்லை" என்று குறிக்கப்பட்டவை இப்போது அந்தப் பட்டியலில் ஏறுகின்றன. அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. வெளியிடும் வன்முறைக் குற்றப் பட்டியலில் கொலை, பாலியல் வன்புணர்ச்சி, கொள்ளை, கடுமையான தாக்குதல் ஆகிய நான்கு மட்டுமே உண்டு. ஆள்கடத்தல் அதில் இல்லை. அங்கும் 2013 முதல் வன்புணர்ச்சியின் வரையறை விரிவாக்கப்பட்டதால், அதற்கு முந்தைய ஆண்டுகளோடு பிந்தைய ஆண்டுகளை அப்படியே ஒப்பிட முடியாது. இரு நாட்டு நகரங்களின் "வன்முறைக் குற்ற விகிதத்தை" அருகருகே வைத்துப் பார்ப்பதில் எந்தப் பொருளும் இல்லை.

ஒரே நிகழ்வில் பல குற்றங்கள் நடந்தால் என்ன செய்வது என்பதும் முடிவு செய்யப்பட வேண்டிய ஒன்று. இந்தியாவில் முதன்மைக் குற்ற விதி பின்பற்றப்படுகிறது: ஒரு முதல் தகவல் அறிக்கையில் பல பிரிவுகள் இருந்தாலும் அவற்றுள் கடுமையானது மட்டுமே எண்ணப்படும். கொள்ளையடித்துக் கொலையும் செய்திருந்தால் அது கொலை என்று மட்டும் கணக்கில் ஏறும். அமெரிக்காவிலும் இதுபோன்ற விதியே இருந்தது. 2021இல் நாடு முழுவதும் புதிய பதிவு முறைக்கு மாறியபோது அது கைவிடப்பட்டது. அந்த மாற்றத்தின் முதல் ஆண்டில் பல காவல் அமைப்புகள் தரவு அனுப்பவே இல்லை. பழைய வரைபடங்களில் அத்தகைய ஊர்களுக்கு 2021இல் வெற்றிடம் இருக்கும். வெற்றிடத்தைச் சுழியம் என்று வாசித்துவிட்டு, அந்த ஆண்டு ஊர் அமைதியாக இருந்ததாக முடிவு செய்வது எளிதில் நேரக்கூடிய பிழை.

அப்படியானால் எந்த எண்ணைத்தான் நம்புவது? உலகெங்கும் ஆய்வாளர்கள் கொலையையே நம்பகமான அளவாகக் கொள்கிறார்கள். உடலை மறைப்பது கடினம். புகார் கொடுக்கத் தயங்குவது என்ற சிக்கல் அங்கே பெரும்பாலும் எழுவதில்லை. கொலைக் கணக்கும் முற்றிலும் தூயதல்ல. ஒரே கத்திக்குத்து, அருகில் நல்ல அறுவை சிகிச்சைப் பிரிவு இருந்தால் கொலை முயற்சியாகவும், ஆம்புலன்ஸ் ஒரு மணி நேரம் ஓட வேண்டியிருந்தால் கொலையாகவும் பதிவாகிறது. இருந்தாலும் மற்றெல்லா வகைகளையும்விட இது உறுதியானது.

சிறு நகரத்தின் தனிச் சங்கடம் இங்கேதான் இருக்கிறது. நம்பத்தக்க எண் ஒன்று உண்டு, அது கொலை. ஆனால் அது மிகச் சிறியதாக இருப்பதால் தற்செயலில் தத்தளிக்கிறது. பெரிய எண் ஒன்றும் உண்டு, அது தாக்குதல், மிரட்டல், கைகலப்பு போன்றவை. ஆனால் அது பதிவு முறையைப் பொறுத்து வளைந்து கொடுக்கிறது. பாதிக்கப்பட்டோர் கணக்கெடுப்போ நாடு தழுவிய மாதிரியைக் கொண்டது. ஒரு சிறு ஊரிலிருந்து அதில் இடம்பெறும் வீடுகள் சிலவே. பெருநகரத்தை ஆராய்பவருக்கு இந்த இக்கட்டு இவ்வளவு கடுமையாக இல்லை. இதை மனத்தில் நிறுத்திக்கொண்டால் மற்றவை தானே விளங்கும்.

எந்த ஆண்டின் கணக்கு?

குற்றம் நடந்த ஆண்டும் பதிவான ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இங்கிலாந்தின் மான்செஸ்டர் அருகே ஹைட் என்ற சிறிய ஊரில் மருத்துவராக இருந்த ஹரால்ட் ஷிப்மன், பல ஆண்டுகளாகத் தன் நோயாளிகளைக் கொன்று வந்தார். விசாரணையில் வெளிவந்த 172 கொலைகள் இங்கிலாந்து, வேல்ஸின் 2002–03ஆம் ஆண்டுக் கணக்கில் மொத்தமாகச் சேர்க்கப்பட்டன. கொலைகள் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் அவை இயற்கைச் சாவுகளாகவே எழுதப்பட்டிருந்தன. 1989இல் ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ விளையாட்டரங்க நெரிசலில் இறந்த 96 பேரும், 2016இல் மரண விசாரணை நடுவர் குழு அது சட்டவிரோதக் கொலை என்று தீர்மானித்த பிறகு, 2017 மார்ச்சில் முடிந்த ஆண்டின் கணக்கில் ஏறினார்கள். வரைபடத்தில் மட்டும் பார்ப்பவருக்கு அந்த ஆண்டுகளில் வன்முறை திடீரென்று பொங்கியதாகத் தோன்றும். ஒரு நாட்டின் கணக்கையே இவை இவ்வளவு அசைக்கின்றன என்றால், ஒரு சிறு நகரத்தின் கணக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பல ஆண்டுகளைச் சேர்த்துப் பார்ப்பது

போக்கு என்பது ஓராண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் உள்ள வேறுபாடு அல்ல. பல ஆண்டுகள் ஒரே திசையில் நகர்வது. அதைக் காண மிக எளிய கருவி நகரும் சராசரி. ஐந்து ஆண்டுகளின் சராசரியை எடுத்து, பிறகு முதல் ஆண்டை விட்டுவிட்டு ஆறாம் ஆண்டைச் சேர்த்து மீண்டும் சராசரி எடுத்து, இப்படியே நகர்ந்துகொண்டு போவதுதான் அது.

நான் விளக்கத்துக்காக உருவாக்கிய ஓர் ஊரின் பத்தாண்டுக் கொலைகள் இவை: 3, 5, 4, 2, 6, 4, 3, 8, 4, 2. ஏழாம் ஆண்டிலிருந்து எட்டாம் ஆண்டுக்கு 167 சதவீத உயர்வு. அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளிலும் தலா ஐம்பது சதவீதச் சரிவு. செய்திகளின் வழியே மட்டும் இந்த ஊரை அறிந்தவர், அங்கே ஒரு கொடுங்காலம் வந்து போனதாக உறுதியாகச் சொல்வார். ஐந்தாண்டு நகரும் சராசரியோ 4.0, 4.2, 3.8, 4.6, 5.0, 4.2 என்று ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருக்கிறது. எட்டாம் ஆண்டு, முன்பு சொன்ன இருபது ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும் ஆண்டாக இருக்கலாம்.

இன்னோர் ஊர்: 3, 4, 2, 5, 3, 7, 6, 9, 7, 8. இதில் எந்த ஓராண்டு உயர்வும் முதல் ஊரின் 167 சதவீதத்தை எட்டவில்லை. ஆனால் முதல் ஐந்தாண்டுச் சராசரி 3.4, பின்னைந்தின் சராசரி 7.4. முன்பாதியின் மிக மோசமான ஆண்டுகூடப் பின்பாதியின் மிகச் சிறந்த ஆண்டைவிட மேலானது. தற்செயல் மட்டுமே இப்படி ஒரு வரிசையை உருவாக்குவது மிக அரிது. இங்கே ஏதோ மாறியிருக்கிறது. அபாயம் இரண்டாம் ஊரில். பரபரப்பு முதல் ஊரில். இந்த முரண்தான் என்னை மிகவும் கவலைப்படுத்துவது, ஏனென்றால் கவனமும் பணமும் காவலர்களும் பரபரப்பு இருக்கும் இடத்துக்கே போய்ச் சேர்கின்றன.

உச்சத்துக்குப் பின் வரும் இறக்கம்

வழக்கமாக அறுபது மதிப்பெண் எடுக்கும் மாணவர் ஒரு தேர்வில் எண்பத்தைந்து எடுத்தால், அடுத்த தேர்வில் அதைவிடக் குறைவாக எடுப்பார் என்று எதிர்பார்ப்பதே அறிவு. அவர் சோம்பேறியாகிவிட்டார் என்று பொருளல்ல. வழக்கத்துக்கு மாறான ஓர் அளவுக்குப் பிறகு வருவது வழக்கமான அளவுக்கு நெருங்கி இருப்பதே இயல்பு. இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள்.

குற்றத்தில் இது ஆழமாக ஏமாற்றக்கூடியது. நடவடிக்கைகள் எப்போது அறிவிக்கப்படுகின்றன? மிக மோசமான ஆண்டுக்குப் பிறகு. அடுத்த ஆண்டு எண்ணிக்கை எப்படியும் பெரும்பாலும் குறையும். குறைந்ததும், நடவடிக்கை பலித்தது என்ற நம்பிக்கை உறுதியாகிறது. இதை முதலில் தெளிவாக எடுத்துக்காட்டிய ஆய்வுகளுள் ஒன்று, வன்முறையைப் பற்றியதல்ல, சாலைச் சாவுகளைப் பற்றியது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1955இல் 324 பேர் சாலை விபத்துகளில் இறந்தார்கள். அளவுக்கு மீறிய வேகத்தின் மீது கடும் நடவடிக்கை தொடங்கியது. 1956இல் சாவுகள் 284ஆகக் குறைந்தன. நடவடிக்கையின் வெற்றி என்று அறிவிக்கப்பட்டது. டொனால்ட் கேம்பெல், லாரன்ஸ் ராஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1968இல் முந்தைய ஆண்டுகளையும் அண்டை மாநிலங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். 1955 ஏற்கெனவே வழக்கத்துக்கு மீறி உயர்ந்திருந்த ஆண்டு என்பதும், குறைவின் பெரும்பகுதி எப்படியும் நிகழ்ந்திருக்கக்கூடும் என்பதும் தெரிந்தன. முந்நூறைத் தாண்டிய எண்ணிக்கையிலேயே இப்படி ஏமாற இடமிருந்தால், எட்டு நான்காகும்போது எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்!

இதுவரை வந்த இடம்: ஓராண்டின் துள்ளல் பெரும்பாலும் தற்செயல், பதிவு முறை, காலக் குழப்பம் ஆகியவற்றின் கலவை. மோசமான ஆண்டுக்குப் பின் வரும் நல்ல ஆண்டு எதையும் தனியே நிறுவுவதில்லை.

அண்டை ஊர்கள் என்ன சொல்கின்றன?

கேம்பெல்லும் ராஸும் அண்டை மாநிலங்களைப் பார்த்ததில் ஒரு பாடம் இருக்கிறது. ஒரு நகரத்தின் வன்முறை பெருமளவுக்கு அந்த நகரத்துக்கு வெளியிலிருந்து வரும் அலைகளோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது. அமெரிக்காவில் கொலை விகிதம் 1991இல் ஒரு லட்சத்துக்கு 9.8 ஆக இருந்து 2014இல் 4.4 ஆகக் குறைந்தது. அந்தக் காலத்தில் பொறுப்பில் இருந்த ஏறத்தாழ எந்த ஊர் நிர்வாகமும் தன் திட்டத்தால் குற்றம் குறைந்ததாகச் சொல்லிக்கொள்ள முடிந்தது. 2020இல் அந்நாட்டில் கொலைகள் ஒரே ஆண்டில் ஏறத்தாழ 30 சதவீதம் உயர்ந்தன; பெருநகரம், சிறு நகரம், கிராமப்புறம் என்ற வேறுபாடு இல்லாமல் உயர்ந்தன. 2023இலும் 2024இலும் ஒவ்வோர் ஆண்டும் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தன. ஆகவே ஓர் ஊரின் மாற்றத்தைப் பார்க்கும்போது, அதே அளவுள்ள மற்ற ஊர்களிலும் அதே மாற்றம் நிகழ்ந்ததா என்று பார்க்காமல் காரணம் சொல்லக் கூடாது.

மக்களின் உணர்வு இந்த அலைகளைப் பின்தொடர்வதில்லை. அமெரிக்காவில் 1993க்குப் பிறகு கேலப் நிறுவனம் நடத்திய 27 கருத்துக் கணிப்புகளில் 23இல், சென்ற ஆண்டைவிட நாட்டில் குற்றம் கூடிவிட்டது என்று குறைந்தது அறுபது சதவீதத்தினர் சொன்னார்கள். அந்த ஆண்டுகளில் பெரும்பாலானவற்றில் குற்றம் குறைந்துகொண்டிருந்தது. தாங்கள் வாழும் பகுதியைப் பற்றிக் கேட்டபோது அவ்வளவு பேர் அப்படிச் சொல்லவில்லை. கண்ணால் காண்பதைவிடக் காதில் விழுவது அச்சத்தைக் கூட்டுகிறது.

ஊரின் சராசரி யாருக்கும் பொருந்தாது

ஊர் முழுவதற்கும் ஒரே விகிதம் சொல்லும்போது, ஆபத்து எல்லோர் வாசலிலும் சமமாகப் பரவியிருப்பதாகத் தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது. 1989இல் வெளிவந்த மினியாபொலிஸ் நகர ஆய்வில், அந்நகரின் முகவரிகளில் ஏறத்தாழ 3 சதவீதத்திலிருந்தே காவல்துறைக்கு வந்த அழைப்புகளில் பாதி வந்திருந்தது தெரிந்தது. பிறகு குற்றவியல் ஆய்வாளர் டேவிட் வைஸ்பர்ட் பல நகரங்களை ஆராய்ந்து, பெரிய நகரங்களில் 4 முதல் 6 சதவீதத் தெருத் துண்டுகளிலும் (தெருத் துண்டு என்பது இரு சந்திப்புகளுக்கு இடைப்பட்ட தெருப் பகுதி), சிறிய நகரங்களில் 2 முதல் 4 சதவீதத் தெருத் துண்டுகளிலும் பாதிக் குற்றங்கள் நடப்பதாக 2015இல் எழுதினார். சிறு நகரத்தில் குவிப்பு இன்னும் இறுக்கமாக இருக்கிறது.

இதன் பொருள் இரண்டு. முதலாவது, ஊர்ச் சராசரி உயர்ந்தது என்பதால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆபத்து உயர்ந்துவிடவில்லை. பெரும்பாலான தெருக்களில் எதுவுமே மாறியிருக்காது. இரண்டாவது, அதே காரணத்தால், சராசரி குறைந்திருக்கும்போதும் ஒரு சில தெருக்களில் வாழ்பவர்களுக்கு நிலைமை தாங்க முடியாததாக இருந்திருக்கலாம். அவர்கள் சொல்வதை ஊர்ப் புள்ளிவிவரத்தைக் காட்டி மறுப்பது நியாயமல்ல.

ஓராண்டு எண்ணையே பொருட்படுத்த வேண்டிய நேரம்

நாணயக் கணக்கு முழுவதும் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: ஒவ்வொரு நிகழ்வும் மற்றதோடு தொடர்பற்றது. வன்முறையில் இது எப்போதும் உண்மையல்ல. ஒரு கொலைக்குப் பழிவாங்க இன்னொரு கொலை நடக்கிறது. அதற்குப் பதிலாக மூன்றாவது நடக்கிறது. இருபது முப்பது இளைஞர்கள் கொண்ட இரண்டு குழுக்களுக்கு இடையிலான பகை, ஒரு சிறு நகரத்தின் ஆண்டுக் கணக்கை இரு மடங்காக்கப் போதுமானது. பெருநகரத்தில் இத்தகைய பகைகள் பல இருந்து ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். சிறு ஊரில் ஒன்று எரியும்போது கணக்கு முழுவதும் எரியும்.

அதனால், இந்த ஆண்டின் ஆறு கொலைகள் போக்கைக் காட்டுகின்றனவா என்ற கேள்விக்கு ஐந்தாண்டுத் தரவு வேண்டும். ஆனால் அந்த ஆறும் எப்படிப்பட்டவை என்ற கேள்விக்கு அந்த ஆறு கோப்புகளே போதும். ஆறும் ஆறு வேறு வீடுகளில், ஆறு வேறு காரணங்களால் நடந்தவை என்றால் அது பெரும்பாலும் துயரமான தற்செயல். ஊரைப் பற்றிப் பெரிதாக எதுவும் சொல்லாது, ஒவ்வொன்றின் காரணத்தைப் பற்றியும் தனித்தனியே சொல்லும். நான்கு ஒரே தெருவில், ஒரே பகையில் நடந்தவை என்றால் ஐந்தாவது எங்கே, யாருக்கு நேரக்கூடும் என்பதை அந்தப் பகுதியில் வேலை செய்யும் காவலருக்கும் ஆசிரியருக்கும் செவிலியருக்கும் ஓரளவு முன்கூட்டியே சொல்ல முடியும். மூன்று பேர் தங்கள் கணவர்களின் கையால் இறந்திருந்தால், அந்த மூவரில் எத்தனை பேர் முன்பே காவல் நிலையத்துக்கு வந்து திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்று அன்றைக்கே பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு நகரும் சராசரி தேவையில்லை, அடுத்த ஆண்டறிக்கை வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை.